மேலிடத்துச் சோதனை

“இந்தத் தெருவில் ஒரே ஒருவருக்காவது நீ வெளியாள் என்ற சந்தேகம் இருந்தால், இன்று மாலையே உன்னைத் திரும்ப அழைத்துக்கொள்வோம்.”

மேலிடத்திலிருந்து வந்த ஆய்வாளர் இதைத் தணிந்த குரலில், சுத்தமான செய்தித் தமிழில் சொன்னார். அவர்களுடைய கிரகத்தில் தமிழை அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள், சிங்கப்பூர் வானொலியை ஒட்டுக்கேட்டு.

ஆற்றிக்கொண்டிருந்த தேநீரைக் கையில் கொட்டிக்கொண்டான் மருதப்பன். அங்கே அவனுக்கு வேறு பெயர். அதை உச்சரிக்க இரண்டு நாக்கு வேண்டும்.

ரஷ்யாக்காரன் வானத்துக்கு ஆள் அனுப்பிவிட்டான் என்று சிங்கப்பூரின் தேக்கா வட்டாரம் முழுக்க அதே பேச்சாக இருந்த வருஷம் அது. வானத்திலிருந்து வந்த ஆள் பூவம்மாவின் கடையில் தே போட்டுக்கொண்டிருப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதுதான் அவனுடைய திறமை என்று மருதப்பன் நினைத்திருந்தான்.

“லண்டனில் நம் ஒற்றன் ஒருவன் வரிசையில் நிற்காமல் போய்ப் பிடிபட்டான்” என்றார் ஆய்வாளர். “மதராஸில் ஒருவன் வரிசையில் நின்று பிடிபட்டான். நீ மட்டும் தப்பியிருப்பாயா?”

மருதப்பனுக்குத் தெரியும்: திரும்பிப் போனால் மூளையைக் கழுவிவிடுவார்கள். தேக்காவில் ஒரு நாள் இருந்த ஞாபகம்கூட மிஞ்சாது. அவன் ஊரில் காரணமில்லாமல் யாரும் யாருடனும் பேசுவதில்லை. இங்கே காரணம் தீர்ந்த பிறகும் பேச்சு நிற்பதில்லை. இதை விட்டுவிட்டு எப்படிப் போவது?

ஆய்வாளர் வெள்ளைச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். தோல் பையை அக்குளில் இடுக்கியபடி உள்ளே எட்டிப் பார்த்தார். பூவம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இந்த ஆள் எங்கிருந்து வந்தவர்?”

பூவம்மா தலைநிமிர்ந்தாள். தொப்பியிலிருந்து பாலிஷ் போட்ட சப்பாத்து வரை ஒரு பார்வை பார்த்தாள்.

“எங்கேருந்தும் வரல ஐயா. என் அக்கா மவன். கேகே ஆஸ்பத்திரியில பொறந்தவன். தொட்டில் கட்டுனதே நான்தான்.”

மருதப்பன் திகைத்தான். “என்னக்கா…”

“அக்கா என்கிறாரே?” என்றார் ஆய்வாளர் சட்டென்று. “தாயின் தங்கையைச் சின்னம்மா என்றல்லவா அழைக்க வேண்டும்?”

மருதப்பனுக்கு உயிரே போய்விட்டது.

“அதை ஏன் கேக்குறீங்க! சின்னம்மான்னு கூப்பிட்டா எனக்கு வயசான மாதிரி இருக்கு. அக்கான்னே கூப்பிடுடான்னு நான்தான் அடிச்சு வளத்தேன். டேய், மரம் மாதிரி நிக்காதே. ஐயாவுக்கு ஒரு தே போடு. சீனி கூடப் போடு.”

பக்கத்து முடிவெட்டும் கடை ஜலாலுதீன், பாதிச் சவரத்தில் ஒரு முகத்தை அம்போவென்று விட்டுவிட்டுக் கத்தியோடு வந்தார்.

“நம்ம மருதப்பனா? இவனுக்கு முதல் மொட்டை போட்டதே நான்தான் சார்.”

“உங்களுக்கும் இவர் வயதுதானே இருக்கும்?”

“அஞ்சு வயசு கூட.”

“அப்படியானால் ஆறு வயதில் மொட்டை போட்டீர்களா?”

“எங்க குடும்பத்துல சீக்கிரமே தொழில் பழகிடுவோம் லா” என்றார் ஜலாலுதீன், கண் இமைக்காமல்.

பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்த துறைமுகக் கிளார்க் ஆம்ப்ரோஸ் டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். “நானும் இவனும் ஒரே ஸ்கூல், ஒரே பெஞ்ச், சார். கணக்குப் பரீட்சையில என்னைப் பாத்துத்தான் எழுதுவான். அதான் ரெண்டு பேருமே ஃபெயில்.”

எதிர்ச்சாரியில் பூக்கட்டும் முத்தாயியை யாரும் கேட்கவேயில்லை. “சின்ன வயசுல என் மோதிரத்தை முழுங்குனவன் ஐயா அவன்!” என்று அங்கிருந்தே கத்தினாள். “இன்னும் வெளிய வரல!”

ஆய்வாளர் மருதப்பனை ஓரமாக அழைத்துப் போனார்.

“ஒருவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொல்வான். அடுத்தவனுக்காக எவனாவது பொய் சொல்வானா? அதுவும் கேட்ட மாத்திரத்தில், தெருவே சேர்ந்து? அண்டவெளியில் எங்கும் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஆகவே இவர்கள் சொன்னதெல்லாம் இவர்கள் நினைவில் உள்ளதே. இத்தனை பேர் மூளையிலும் உன் பிறப்பையே பதித்திருக்கிறாய்! நம் விஞ்ஞானக் கூடத்தால் ஒரு கோழிக்குக்கூட அதைச் செய்ய முடியவில்லை. எப்படிச் செய்தாய்?”

மருதப்பன் எதையும் பதிக்கவில்லை. நிஜமாகவே கேகே ஆஸ்பத்திரியில்தான் பிறந்தோமோ என்று ஒரு கணம் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“பழக்கம்தாங்க” என்றான்.

“மேதை!” என்றார் ஆய்வாளர். “ஆயுள் முழுவதும் நீ இங்கேயே இரு. மேலிடத்தில் நான் பேசிக்கொள்கிறேன்.” தேநீரை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, தொப்பியைத் தூக்கி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, தெருமுனையில் திரும்பி மறைந்தார்.

மருதப்பன் மெல்ல உள்ளே வந்தான். “அக்கா, எனக்குப் புரியல. எதுக்கு அவருகிட்ட அப்படிச் சொன்னீங்க?”

பூவம்மா முதலில் தெருவை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“பின்ன, இமிகிரேஷன்காரன் வந்து கேட்டா வேற என்னடா சொல்றது? அன்னைக்குச் சொட்டச் சொட்ட நனைஞ்சு என் கடை வாசல்ல வந்து நின்னியே, அப்பவே தெருவுக்கே தெரியும், நீ கப்பல்லேருந்து குதிச்சு வந்தவன்னு. இங்க பாதிப் பேரு அப்படித்தான் லா. நாளைக்கு அந்த ஆளு வந்து கேட்டா, ஜலாலுதீனும் எனக்கு அக்கா மவன்தான்!”