மடங்காத முகவரி

தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்யும் இணையப் பக்கத்தில், ஒரு பெட்டிக்குள் நீளமான இணைய முகவரி ஒன்று காலை நீட்டிப் படுத்திருந்தது. நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லாத உடம்பு. அது தள்ளிய தள்ளில், பக்கத்திலிருந்த 'அனுப்பு' பொத்தான் செல்போன் திரைக்கு வெளியே போய் விழுந்தது.

"ஐயா, எத்தனை தடவை சொல்றது? கொஞ்சம் மடங்கி ரெண்டு வரியாப் படுங்களேன்!" என்று கத்தியது பெட்டி.

"எங்க வம்சத்துல யாரும் மடங்கினதில்ல" என்றது முகவரி.

"நான் இங்க கிடக்கேன்னு யாருக்காவது தெரியுமா?" என்று வெளியிலிருந்து அலறியது பொத்தான்.

காலிக் குடத்தோடு நின்ற செண்பகவல்லி திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பொத்தானைக் காணோம். எரிச்சலோடு பக்கத்தை மூடினாள்.

இருட்டில் முகவரி சொன்னது: "பாத்தியா? கடைசிவரைக்கும் நான் மடங்கவே இல்ல."

"மடங்கலய்யா, மடங்கல!" என்றது பெட்டி. "அதைப் பாக்கத்தான் இப்ப யாருமில்ல."