அடைபட்ட துளை

எங்களோடு வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் மா சாங்பில்லை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, கொரியாவின் தேகு நகரத்தில் எங்கள் சாயப்பட்டறையின் வாசலில். தோளில் துணிப்பை. வலது கையில் கட்டு. அன்றுதான் அவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள்.

"என் வயரையாவது குடுத்துட்டுப் போங்கண்ணே" என்றேன்.

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அன்று காலையில் நடந்தது இது.

ஒரு பம்ப் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்க, மின்சாரம் அளக்கும் மீட்டரை எடுத்தேன். சிவப்பு வயரைச் செருகினால் உள்ளே போகவில்லை. ஆம்பியர் துளையை யாரோ பசை ஊற்றி அடைத்திருந்தார்கள். கல் மாதிரி இறுகியிருந்தது.

இன்னொரு மீட்டரை எடுத்தேன். அதுவும் அப்படியே. அலமாரியில் இருந்த எட்டும் அப்படியே! எல்லாம் அந்த வருடம் வாங்கிய புது மீட்டர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒன்பதாவது மீட்டர் முந்தின வாரமே காணாமல் போயிருந்தது. மூன்றாம் சாயத் தொட்டியின் மின் போர்டில் நான் ஆம்பியர் பார்த்துக்கொண்டு இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மீட்டரை அங்கேயே மாட்டிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது மீட்டரும் இல்லை, அதிலிருந்த என் வயரும் இல்லை.

மற்றவர்களுடையதோடு மாறிவிடக் கூடாதென்று என் மனைவி ஓக்பூன் அந்தச் சிவப்பு வயரின் கழுத்தில் பச்சைக் கம்பளி நூல் சுற்றிக் கொடுத்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னியதில் மிஞ்சிய நூல். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கொடுத்தது; என் வேலை இருக்கும்வரைதான் அவளுக்கு அந்தக் கட்டில்.

"எவன்டா பாத்த வேலை இது?" போர்மேன் பியோ கத்தினார்.

"நான்தான்" என்றார் மா.

"கம்பெனி மீட்டருய்யா! உன் வீட்டுச் சுவரா, ஓட்டையைப் பூசறதுக்கு?"

"ஓட்டை இருக்கற எடமே தப்பு சார். வோல்ட் ஓட்டையும் ஆம்பியர் ஓட்டையும் ஒரே வரிசை, ஒரே அளவு. வயரு ஆம்பியர்ல இருக்கும்போது முந்நூத்தி எண்பது வோல்ட்ல வெச்சா, மீட்டர் கையிலயே வெடிக்கும். உள்ள ஒரு ஃபியூஸ்கூட வெக்கலை."

"வெக்கறவனுக்குக் கண்ணு எங்க போச்சு?"

"செருகறவன் ஒருத்தன், எடுக்கறவன் இன்னொருத்தன். குமிழை வோல்ட்டுக்குத் திருப்பிட்டா போதும்னு எடுக்கறவன் நெனைப்பான். வயரு தப்பான ஓட்டையில இருக்குன்னு மீட்டர் சொல்லாது."

"இங்க யாருக்காவது அப்படி வெடிச்சுதா? சொல்லு!"

போர்மேனின் தலைக்கு மேலே சுவரில் ஒரு பலகை தொங்கியது. 'கவனக்குறைவால் விபத்துக்குக் காரணமாகிறவர் அன்றே வேலைநீக்கம்.' மா அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல சார்."

"கையில என்ன கட்டு?"

"ராமியோன் வெக்கும்போது பானை கவுந்துடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை.

"நூடுல்ஸ் வேகவெக்கத் தெரியாதவரு நமக்குப் பாடம் எடுக்க வந்துட்டாரு! காணாமப் போன மீட்டர் எங்கண்ணே? என் வயரோட சேத்து வித்துட்டீங்களா?"

மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓக்பூனுக்கு இப்ப எப்படிப்பா இருக்கு?"

"பேச்சை மாத்தாதீங்க!"

"திருட்டும் உண்டா?" என்றார் போர்மேன்.

மா துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். மதியத்துக்குள் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பசையைச் சுரண்டிப் பார்த்தோம். வரவில்லை. ஆம்பியர் பார்க்க வேறு மாதிரி மீட்டர் ஒன்று வாங்கினார்கள், வயரைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கிற ரகம். அடைபட்ட எட்டையும் வோல்ட் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டோம். அவரைத் திட்டிக்கொண்டேதான் வைத்துக்கொண்டோம்.

ஓக்பூன் அதே கட்டிலில் இன்னும் இரண்டு குளிர்காலம் இருந்தாள்.

ஆறு வருடம் கழித்து மா இறந்துபோன செய்தி வந்தது. போகத்தான் வேண்டுமா என்று யோசித்துவிட்டுப் போனேன். படத்துக்கு முன்னால் கும்பிட்டு எழுந்தேன். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வழக்கமாகப் போடுகிற காரமான மாட்டுக்கறிச் சூப்பைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தார்கள். இரண்டு வாய் எடுத்திருப்பேன். அவர் மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"யோங்தேங்கறது நீங்கதானே?"

"ஆமா அண்ணி."

துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

"நான் உசுரோட இருக்கற வரைக்கும் இதை அந்தத் தம்பி கண்ணுல காட்டாதேன்னு சொல்லியிருந்தாரு. இப்பத்தான் அவரே இல்லையே."

பிரித்தேன்.

ஒன்பதாவது மீட்டர். முகம் வெடித்துப் பிளந்திருந்தது. பின்பக்கம் முழுக்கக் கரி. அதில் விரல்கள் பிடித்திருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

மீட்டரை முன்பக்கம் திருப்பினேன்.

"கை வெந்துபோய் வந்தாரு" என்றார் அண்ணி. "யாரு வேலைன்னு கேட்டேன். ஓட்டையோட வேலைன்னாரு."

குமிழ் வோல்ட்டில் நின்றது. சிவப்பு வயர் ஆம்பியர் துளையில் உருகி ஒட்டியிருந்தது. அதன் கழுத்தில், பாதி கருகிய பச்சை நூல்.