விண்வெளிக்கு ஒரு லிஃப்ட்

வீ.ஆர். கண்ணாடியை மாட்டியதுமே ஜீவராணிக்குத் தலை சுற்றியது. லிஃப்ட் விர்ரென்று கிளம்பியது. வெள்ளவத்தைக் கடற்கரை சுருங்கி ஒரு கோடானது. மேகங்கள் காலுக்குக் கீழே போயின.

“எப்பிடி இருக்கு அன்ரி?” விண்வெளிப் பொறியியல் படித்த பிரதீஸின் குரல் காதருகே கேட்டது.

“பூமி பந்து மாதிரித் தெரியுது தம்பி!”

“இதுதான் என்ர கனவு. இனி ரொக்கெற் ஒண்டும் தேவையில்லை. பூமியில இருந்து விண்வெளிக்கு ஒரு கேபிள், அதில ஒரு லிஃப்ட். நான் டிசைனே போட்டிட்டன்.”

“மேல போனா எப்பிடி இருக்கும்?”

“பாரமே தெரியாது அன்ரி. யானையையும் ஒரு விரலால தூக்கலாம்.”

கனவு காண்பதில் பிரதீஸை மிஞ்ச ஆளில்லை.

ஜீவராணி கண்ணாடியைக் கழற்றினாள். எதிரே தொடர்மாடியின் லிஃப்ட் கதவு. தைப்பொங்கலுக்கு ஒட்டிய ‘பழுது’ என்ற தாள் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. காலடியில், அவள் ஏழாம் மாடிக்குக் கொண்டுபோக வேண்டிய காஸ் சிலிண்டர்.

லிஃப்ட்டை எப்போது திருத்துவீர்கள் என்று நிர்வாகக் குழுத் தலைவரிடம் கேட்கத்தான் அவள் வந்தாள். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அந்தத் தலைவர் பிரதீஸ்தான். பதிலுக்குத்தான் இந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டான்.

“நல்ல கனவு தம்பி,” என்று கண்ணாடியை அவன் முகத்தில் மாட்டிய ஜீவராணி, சிலிண்டரைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

“தூக்குங்கோ, ஏழாம் மாடிதான். பாரமே தெரியாது!”