தாங்கள் குறிப்பிடும் நபர்

சார்பதிவாளர் அலுவலகத்தில் என் வீட்டை வாங்க வந்து உட்கார்ந்திருந்தவரை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. என்னிடம் முன்பணம் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டவன் கதிரேசன். மாடி ஏற முடியாத அம்மாவுக்குத் தரைவீடு தேடுவதாகச் சொன்னான். சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்து, "அம்மா இங்கதான் உக்காந்திருப்பாங்க" என்றான். அந்த ஒரு பேச்சுக்காகவே விலையைக் குறைத்தேன். இப்போது அவன் சுவரோரமாக நின்று செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இவர் யாரு?" என்று பத்திர எழுத்தரிடம் கேட்டேன்.

"கதிரேசன் உங்க அக்ரிமெண்ட்டை லாபத்துக்கு இவருக்குக் கைமாத்தி விட்டுட்டாரும்மா. சட்டப்படி சரிதான். 'தங்களுக்கோ தாங்கள் குறிப்பிடும் நபருக்கோ கிரயம் செய்து தருகிறேன்'னு இருக்கு பாருங்க. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"இடிச்சிட்டு குடோன் கட்டப் போறோம்மா" என்றார் வாங்க வந்தவர், நான் கேட்காமலே.

நான் கதிரேசன் பக்கம் திரும்பினேன். "அப்ப உங்கம்மா எங்க இருப்பாங்க?"

"எந்த அம்மா?" என்றான், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

சார்பதிவாளர் கைரேகைக் கருவியை என் முன்னால் நகர்த்தினார். "மனப்பூர்வமா சம்மதிச்சுத்தானே விக்கிறீங்க? கட்டைவிரலை வைங்க."

கருவியின் கண்ணாடிக்குள் வெளிச்சம் எரிந்தது. பின்னால் காத்திருந்த யாரோ சலிப்பாக இருமினார்கள். நான் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடக்கி இறுக்கிக்கொண்டேன்.

"அவனையும் பக்கத்துல கூப்பிட்டு வச்சுக்கிட்டு, அந்தக் கேள்விய இன்னொரு தடவ கேளுங்க சார்."