ஒட்டுறவு இல்லாத கரி

குளத்துத் தண்ணீரை வடிகட்டும் பானை ஒன்றில் மேலே மணலும், நடுவில் ஒரு கரித்துண்டும், அடியில் ஒரு கூழாங்கல்லும் குடியிருந்தன. கரிக்குத் தான் பெரிய துறவி என்று நினைப்பு.

"நெருப்புல வெந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவன் நான். எனக்கு யாரோடவும் ஒட்டுறவு கிடையாது" என்று தினமும் கூழாங்கல்லிடம் பிரசங்கம் செய்யும்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீரோடு இறங்கி வந்த அழுகிய இலைச்சாயம் கரியின் துளை ஒன்றில் சப்பணமிட்டு உட்கார்ந்தது. பின்னாலேயே பாசி நாற்றம் வந்து, "அண்ணே, கொஞ்சம் நகருங்க" என்றது.

"சாமி, ஊரே உங்க மேல ஒட்டிக்கிட்டு இருக்கே?" என்றது கூழாங்கல். அதன் மேல் யாரும் ஒட்டியதில்லை; எல்லோரும் வழுக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

"அவங்கதான் ஒட்டுறாங்க. நான் ஒட்டலை" என்றது கரி, ஒரு தவளை வாடைக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தபடி.

துளையெல்லாம் நிரம்பி, தண்ணீர் மறுபடி நாற ஆரம்பித்தது. வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு கரியை எடுத்து, மூடிய சட்டியில் போட்டு அடுப்பில் வறுத்தாள். "போயிட்டு வரோம் சாமி!" என்று விருந்தாளிகள் எல்லோரும் புகையோடு கிளம்பினார்கள்.

கரி பானைக்குத் திரும்பியது. "பாத்தியா? இப்ப ஒருத்தரும் இல்ல. துறவுன்னா இதுதான்."

"ரொம்ப சந்தோஷம் சாமி."

மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. கரி நிமிர்ந்து பார்த்தது. அடுத்த சொட்டுக்கு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டது:

"அந்தத் தவளை வாடை, 'வரேன்'னு சொல்லிட்டுத்தானே போச்சு?"