ஒரு தொட்டி, ஒரு கை

சூலூரில் உள்ள ஆறு இட்லி மாவுக் கம்பெனிகளுக்கும் மாவு புளிக்க வைக்க ஒரே பொதுத் தொட்டி போதுமா என்று ஆராய வந்திருந்தார் ஆலோசகர் தியோடர். சோதனை ஓட்டத்தில் மாவு அழகாகப் பொங்கியிருந்தது.

“எந்த மெஷின் கலக்குது?”

“மெஷின் கலக்குனா பொங்காதுங்க. என்ற கை பட்டாத்தான்,” என்றாள் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பூரணி.

இரண்டு வருடமாக ஆறு கம்பெனிகளின் மாவையும் கலக்குவது அவள்தான்; அவள் வலது கையின் நுண்ணுயிர்கள் ஆறுக்கும் பொதுச் சொத்து. அதில் சோப்பு, சானிடைசர் எதுவும் படக்கூடாது என்று ஒப்பந்தம்.

“ரசஞ்சோத்தக்கூட ரெண்டு வருசமா ஸ்பூன்லதானுங்க.”

தியோடருக்கு மனம் இளகிவிட்டது. ‘ஒரு தொட்டி, ஒரு கை போதும்’ என்று அறிக்கையை முடித்தார். கிளம்பும்போது வழக்கம்போல உள்ளங்கை நிறைய சானிடைசரை ஊற்றித் தேய்த்துக்கொண்டு, ஈரம் காயுமுன் அவள் வலது கையை இரு கைகளாலும் பற்றி வாழ்த்தினார்.

மறுநாள் காலை மாவட்டம் முழுக்க உப்புமா. பூரணி மட்டும் ரசஞ்சோற்றைக் கையால் பிசைந்து, முழங்கை வரை வழிய விட்டுச் சாப்பிட்டாள்.