வலது முழங்காலுக்கு ஒரு ஜெபம்

"பொண்ணுக்கு வலது முழங்காலுங்க ஐயா. வீங்கிக் கெடக்குது. செவ்வாக்கெழம திருப்பதியில கபடி ஃபைனலு. எல்லாரும் ஜெபம் பண்ணுங்க."

வேங்கடாசலம் மைக்கில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நகரி பக்கத்துச் சின்னச் சபை அது. மொத்தச் சபையும் அவரைத் திரும்பிப் பார்த்தது. இருபது வருஷமாக வருகிறவர், ஒருநாளும் வாயைத் திறந்து தன் வீட்டு விஷயத்தைச் சொன்னதில்லை. ஞானஸ்நானம் எடுத்தபோது பேரை மாற்றிக்கொள்ளச் சொன்னதற்கு, "ரேஷன் கார்டுல மாத்த நீ கூட வருவியா?" என்று கேட்ட ஆள்.

எல்லாம் அவர் மனைவி தாட்சாயணியால் வந்தது. சித்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் தங்கிக் கபடி ஆடும் மகள் யாமினிக்குக் காலில் அடி என்று போனில் கேட்டதும், பெண்கள் ஜெபக்கூட்டத்தில் போய் அழுதுவிட்டாள். அடுத்த நாளே பாஸ்டர் விவரம் கேட்டு மைக்கை நீட்டிவிட்டார். சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்கிற வேங்கடாசலம்தான் மகளை டாக்டரிடம் கூட்டிப்போனவர். விவரம் அவருக்குத்தான் தெரியும்.

பாஸ்டர் உருகி ஜெபித்தார். நாற்பது பேர் 'ஆமென்' சொன்னார்கள். வேங்கடாசலம் மட்டும் சொல்லவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த பிரியங்கா சொன்னாள். அவளும் இதே ஊர்ப் பெண்தான். ஆனால் திருப்பதிக் காலேஜ் டீமில் பிடிக்கிற ஆள். ஃபைனலில் யாமினியை மடக்கப் போகிறவளே அவள்தான்.

செவ்வாய்க்கிழமை திருப்பதி மைதானத்தில் யாமினி அப்பாவைப் பிடிபிடி என்று பிடித்தாள்.

"அம்மாதான் ஓட்டவாயி. உனுக்கு இன்னா ஆச்சு நைனா? நீயும் மைக்குல சொன்னியாமே! பிரியங்கா அங்கதான் குந்திக்கினு இருந்தாளாம்!"

"உங்கம்மா பாதி சொல்லிட்டா. மீதிய நான் சொன்னேன்."

"யாராவது புடிச்சி முறுக்கிட்டா அப்புறம் ஆட்டமே கெடையாதுன்னு டாக்டர் சொன்னாரே, மறந்துட்டியா?"

"மறக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? போய் ஆடு."

யாமினிக்குக் காலேஜில் இது கடைசி வருஷம். இன்று ஜெயித்தால்தான் யுனிவர்சிட்டி டீமில் இடம். இரண்டு முழங்காலிலும் உறையை இழுத்து மாட்டினாள். முட்டி போட முடியவில்லை. நின்றபடியே கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, அடிபட்ட முட்டி மேல இன்னிக்கு ஒரு கை படக்கூடாது. நீரு பாத்துக்குவீரு. ஆமென்."

கெஞ்சவில்லை. மளிகைக் கடையில் சாமான் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, அது வந்துவிடும் என்று கிளம்பிவிட்டாள்.

கூட ஆடும் பத்மினி சிரித்தாள். "உங்க சாமியையும் ரெய்டுக்குக் கூட்டிக்கினு போறியாடி? எட்டாவது ஆளு எறங்கினா ஃபவுலுடி!"

"எறங்கட்டும். அம்பயர் கண்ணுக்குத் தெரியமாட்டாரு."

விசில் ஊதியது. முதல் ரெய்டிலேயே பிரியங்கா பாய்ந்து யாமினியின் வலது காலைப் பிடித்தாள். யாமினி உதறிக்கொண்டு ஓடிவந்தாள். இரண்டாவது ரெய்டில் இரண்டு பேர் பாய்ந்தார்கள். அதே கால். மூன்றாவதிலும் அதே கால். ஒருமுறை நாலு பேர் சேர்ந்து அந்தக் காலைப் பிடித்து அமுக்கியே விட்டார்கள்.

தாட்சாயணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"பாத்தியாய்யா? குறி வெச்சிப் புடிக்கிறாளுங்க! எல்லாம் நீ சொன்னதால வந்தது! அவ்ளோ ஜெபம் பண்ணிட்டுப் போனாளே கொழந்த!"

வேங்கடாசலம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"உனுக்கு எப்டிய்யா தொண்டையில எறங்குது? மனுசனா கல்லா?"

"சொம்மா கத்தாத. இந்தா, நீயும் துன்னு."

ஸ்கோர் இருபத்தேழுக்கு இருபத்தேழு. கடைசி ரெய்டு. யாமினி மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஒருத்தியைத் தொட்டுத் திரும்பும்போது பிரியங்கா பின்னாலிருந்து விழுந்து வலது முழங்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். தாட்சாயணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். யாமினி விடவில்லை. பிரியங்காவையும் சேர்த்து இழுத்தபடி முன்னால் சரிந்தாள். அவள் விரல் நடுக்கோட்டைத் தொட்டது.

விசில்!

"அல்லேலூயா!" தாட்சாயணி மைதானத்துக்குள் ஓடினாள். "வலது காலு சொகமாயிடுச்சி! ஆண்டவரு சொகமாக்கிட்டாரு!"

யாமினி தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே மூச்சு வாங்கினாள். நாலு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. வேங்கடாசலம் மெதுவாக நடந்து வந்து நின்றார். பிரியங்காவும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"யாமினிக்கா, மன்னிச்சிடுக்கா. சபையில கேட்டத நான்தான் எங்க கோச்சுகிட்ட சொல்லிட்டேன். வலது காலை மட்டுமே புடிங்கன்னுட்டாரு. உனுக்கு ரொம்ப வலிக்குதாக்கா?"

"வலது காலா?" யாமினி இடது முழங்கால் உறையைக் கழற்றினாள். முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது. "அடி இதுலதாண்டி. இன்னிக்கு ஒரு கைகூட இதுமேல படல."

மூன்று பேரும் வேங்கடாசலத்தைப் பார்த்தார்கள்.

"எந்தக் காலுன்னு ஆண்டவருக்குத் தெரியும்," என்றார் அவர். "சபைக்கு எதுக்கு அந்த விவரம்?"